வழி: வூப்பர்டால்

உட்காருங்க அக்கா, இங்க யாரும் இல்ல. பையை மேல வெச்சுடுங்க. சீட்டுல வெச்சா டிக்கெட் பாக்கறவரு வந்து ஒரு மாதிரியா பாப்பாரு. நீங்க தமிழ்தானே? உங்க போன்ல தமிழ் எழுத்தைப் பார்த்தேன். எட்டிப் பாக்கல, கண்ணுல பட்டுடுச்சு. என் ஃப்ரெண்டுங்க எல்லாம் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுத்தான் அனுப்பறாங்க. எங்கம்மா எழுதவே மாட்டாங்க, பேசித்தான் அனுப்புவாங்க. அதான் உங்க போனைப் பார்த்ததும் நானே வந்து கூப்பிட்டுட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க.

டோர்ட்முண்ட் வரைக்குமா? நானும் அங்கதான். வேலையா? ஒரு வேலையும் இல்ல. போய் இறங்கி ஒரு காபி குடிச்சுட்டு அடுத்த வண்டியில திரும்பிடுவேன். சிரிக்காதீங்க. யுனிவர்சிட்டி அட்டை இருந்தா இந்த மாநிலம் முழுக்க ரயில்ல சும்மாவே போகலாம். சும்மா கிடைக்கிறதை எதுக்கு விடணும்? அதான் சனிக்கிழமை ஆனா கிளம்பிடறது. வீட்டு நினைப்பு, ஊர் நினைப்பு, அதெல்லாம் எனக்குக் கிடையாது. என் கூட வந்த பொண்ணுங்க முதல் மாசம் பூரா தலகாணியை நனைச்சுதுங்க. நான் ஒரு நாள்கூட அழுததில்ல. ஒரே ஒரு நாள் அழுதேன். அதுவும் ரோட்டுல. அதைச் சொல்றேன்.

என் பேரு ஹேமாவதி. ஊரு போளூர். திருவண்ணாமலைக்குப் பக்கம். ஆகன்ல எம்.எஸ்சி. படிக்கிறேன், கழிவுநீர் சுத்தம் பண்ற படிப்பு. எங்கம்மா வெளியில சொல்லும்போது "தண்ணி சம்பந்தமான படிப்பு"ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க.

ஜெர்மனி வந்த புதுசுல வாரா வாரம் கூட்டமாத்தான் போவோம். கொலோன் மாதா கோயில், ரைன் ஆத்துப் படகு, மலை மேல ஒரு கோட்டை. எங்கம்மாவுக்கு போட்டோ போயாகணும். போட்டோ பாத்துட்டு "கழுத்துல துணி சுத்தலயா, மூக்கு ஏன் செவந்திருக்கு"ன்னு கேப்பாங்க, பின்னாடி இருக்கிற கோட்டையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. அப்புறம் மெல்ல மெல்ல ஒவ்வொருத்திக்கும் ஒரு ஜோடி சேர்ந்துடுச்சு. ஒருத்தி பெங்காலிப் பொண்ணுங்களோட போயிட்டா, ஒருத்தி லேப்லயே குடி இருக்கா. நான் தனியா கிளம்ப ஆரம்பிச்சேன். தனியா எடுத்தா முக்கால்வாசி என் மூஞ்சி, மிச்சம் கொஞ்சம் கோபுரம். அம்மா கேட்டாங்க, "ஏன்டி, கூட யாரும் இல்லியா?" "இருக்காங்கம்மா, அவங்கதான் போட்டோ எடுக்கறாங்க"ன்னேன். கையை நீட்டி நானே எடுத்த போட்டோன்னு அவங்களுக்குத் தெரியல பாருங்க, அதுவரைக்கும் நல்லது.

அப்படித்தான் நவம்பர் கடைசி சனிக்கிழமை வூப்பர்டால் போனேன். இந்த வண்டி போற வழிதான். அங்க தொங்கு ரயில் ஒண்ணு இருக்கு, தெரியுமா? தண்டவாளம் மேல, ரயிலு கீழ, ஆத்துக்கு மேலயே தொங்கிட்டுப் போகும். அதைப் பாக்கலாம்னு மழையில நிக்கறேன். பின்னாடி ஒரு குரல், "ஆரணி! ஆரணி! ஆரணி!"

அக்கா, உங்களுக்கு எப்படிச் சொல்றது. எங்க போளூர் பஸ் ஸ்டாண்டுல நாள் பூரா அந்தச் சத்தம்தான். கண்டக்டருங்க படிக்கட்டுல தொங்கிட்டு "ஆரணி ஆரணி ஆரணி"ன்னு கத்துவாங்க. நான் காலேஜுக்கு மூணு வருஷம் போனது அந்த பஸ்லதான். நான் கையைத் தூக்கிட்டேன். நிஜமா, பஸ்ஸை நிறுத்தற மாதிரி கையைத் தூக்கிட்டேன். திரும்பிப் பார்த்தா ஒரு அம்மா, பெரிய கோட்டு, கையில கீரைக்கட்டு, படியில ஓடற பொண்ணைக் கூப்பிடறாங்க. பொண்ணு பேரு ஆரணி. அப்பதான் அழுதேன்.

அந்த அம்மா ஓடி வந்து என்னமோ கேட்டாங்க. எனக்குப் புரியல. "ங்க?"ன்னேன். மறுபடி கேட்டாங்க, மறுபடி "ங்க?"ன்னேன். அவ்வளவுதான், டக்குன்னு நம்ம தமிழுக்கு மாறிட்டாங்க. "எதுக்கும்மா அழுவுறீங்க? பசிக்குதுங்களா?"ன்னு. சிலோன்காரங்க. யாழ்ப்பாணம் பக்கம். பேரு தவமலர். வந்து முப்பது வருஷம் ஆச்சாம். வீட்டுக்காரர் சிவபாதம் அங்கிள், ரொட்டி கம்பெனியில வேலை. ஆரணி இங்கயே பொறந்தவ, பதினாலு வயசு, தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறும். அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சோறு போட்டாங்க. மீன் குழம்பு. அதுல தேங்காப்பால் ஊத்துவாங்க, எங்க வீட்டுல ஊத்த மாட்டோம். ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.

அதுல இருந்து வாரா வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனா ஞாயித்துக்கிழமைதான் திரும்புவேன். ஆரணிக்குக் கணக்கு சொல்லிக் குடுப்பேன், சும்மா ஒண்ணும் உக்காந்து சாப்பிடல. எட்டு வாரம். எண்ணி எட்டு வாரம். ஆன்ட்டி எங்கிட்ட நம்ம தமிழ்லதான் பேசுவாங்க, அதுவும் சீரியல் பார்த்துக் கத்துக்கிட்ட தமிழ். ஒரு நாள் நான் டீயைக் கொட்டிட்டேன், "என்ன காரியம் பண்ணிட்டீங்க!"ன்னு நெஞ்சுல கைய வெச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. "ஆன்ட்டி, எங்க ஊர்ல கெட்ட மாமியாருங்கதான் இப்படிப் பேசுவாங்க"ன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. அவங்களுக்குள்ள பேசிக்கும்போது வேற மாதிரி. சரசரன்னு போகும். எனக்குப் பாதி புரியாது. நான் கத்துக்கவும் இல்ல. எதுக்குக் கத்துக்கணும், அவங்கதான் நம்ம தமிழ் பேசறாங்களே.

எங்கம்மா மட்டும் போன்ல சொல்லிட்டே இருப்பாங்க. "ஹேமா, ஒருத்தர் வீட்டுல வாரா வாரம் போய் நிக்காதடி. இன்னைக்கு நல்லா பேசுவாங்க, ஒரு நாளைக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஏதாச்சும் சொல்லிடுவாங்க. அப்ப அங்க உன் பக்கம் பேச யாரு இருக்கா?" நான் அவங்களைத் திட்டுவேன், எல்லாரும் நம்ம தெரு மாதிரியா இருப்பாங்கன்னு. ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வீட்டு மணியை அடிக்கும்போது உள்ள ஒண்ணு சொல்லும், இன்னைக்குத்தான் அந்த நாளோன்னு.

அந்த நாள் வந்துச்சு.

ஜனவரி கடைசி. வெள்ளிக்கிழமை போறேன், வீடே தலைகீழா இருக்கு. பெட்டி, தட்டு, பழக்கூடை, இஸ்திரி போட்ட துணி. ஆன்ட்டி எங்கூட உக்காரவே இல்ல. அங்கிள் போன்லயே இருக்காரு. என்ன விசேஷம்னு யாரும் சொல்லல. நானா கேக்கறது நல்லா இருக்காதுன்னு நானும் கேக்கல. சாப்பாடு ஆரணி கொண்டாந்து குடுத்தா. சரி, நாளைக்கு யாரோ விருந்தாளி வராங்க, நாம காலையிலயே கிளம்பிடணும்னு நானே நினைச்சுட்டுத்தான் படுத்தேன். நினைச்சேன் அக்கா, நான் ஒண்ணும் மானம் கெட்டவ இல்ல.

காலையில டீ குடிச்சுட்டு ஆரணி ரூம்ல கட்டில்ல உக்காந்திருக்கேன். ஆன்ட்டி வராங்க. பட்டுப்புடவை, கொசுவம் இன்னும் செருகல, வாயில ஊக்கு. "ம்மா" இல்ல, "ங்க" இல்ல, நம்ம தமிழே இல்ல. என்னைப் பார்த்துக் கத்தறாங்க: "என்ன பிள்ளை, இன்னும் இருக்கிறீர்? வான் வந்திட்டுது. ஆக்கள் எல்லாம் வந்திட்டினம். கெதியா வெளிக்கிடும்!"

நான் முழிக்கறேன். என் பையைத் தூக்கிக் கீழ வெச்சாங்க. கையில இருந்த புடவையைக் கட்டில்ல போட்டாங்க. "வெளிக்கிடும் எண்டு சொல்லுறன், விளங்கேல்லையே?"ன்னு இன்னொரு கத்து கத்திட்டுப் போயிட்டாங்க.

விளங்கிடுச்சு. அதுல விளங்காம என்ன இருக்கு? வெளி. வெளியில. ஆளுங்க வந்துட்டாங்க, நீ வெளிய போ. என் பையை என் கண்ணு முன்னாடியே தரையில வெச்சுட்டுச் சொன்னாங்க. எட்டு வாரம் "பசிக்குதுங்களா"ன்னு கேட்ட வாயி.

கோட்டை மாட்டினேன், பையை எடுத்தேன், படியில இறங்கிட்டேன். வாசல்ல பெரிய வேன். உள்ள நகையும் பட்டுமா பத்து பேர். அதுல ஒரு வயசானவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. நான் நேரா ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஆன்ட்டி போன் பண்ணினாங்க, எடுக்கல. பதினொரு தடவை பண்ணினாங்க. அப்புறம் ஆரணிகிட்ட இருந்து ஒரு மெசேஜ்: "எங்க இருக்கீங்க? எல்லாருக்கும் கோவம்." பாருங்க, விரட்டினதும் அவங்க, கோவமும் அவங்களுக்கு! மூணு பேரையும் பிளாக் பண்ணிட்டேன்.

அம்மாகிட்ட சொல்லல. சொன்னா, "நான் அப்பவே சொன்னேன்ல"ம்பாங்க. ஆன்ட்டி ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லியிருக்கேன். நாலு மாசமா ஊருக்குப் போயிருக்காங்க.

என்னக்கா? இந்த வண்டி அந்த ஊர் வழியாத்தானே போகுதுன்னு கேக்கறீங்களா? போகும்தான். அதுக்கு நான் என்ன பண்றது, தண்டவாளம் அப்படிப் போட்டிருக்கான். ஆகன்ல இருந்து வேற வண்டியும் இருக்கு, இல்லன்னு சொல்லல. எனக்கு இது பழகிடுச்சு. அந்த ஸ்டேஷன் வந்தா நான் வெளிய பாக்கவே மாட்டேன். ரெண்டு நிமிஷம் நிக்கும். போன வாரம் மூணு நிமிஷம் நின்னுச்சு.

ஏன் அக்கா இப்பச் சிரிக்கறீங்க? நான் வயிறெரிஞ்சு சொல்லிட்டு இருக்கேன், நீங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறீங்க.

என்னது?

இன்னொரு தடவை சொல்லுங்க.

இருங்க. நீங்க... நீங்களே சிலோனா? வவுனியாவா? ஏன் அக்கா முதல்லயே சொல்லல? நான் எங்க உங்களைப் பேச விட்டேன்னு கேக்கறீங்களா... சரி, அது நிஜம்தான். விடுங்க. அந்த வார்த்தையைச் சொல்லுங்க. வெளிக்கிடுன்னா வெளிய போ இல்லியா? கிளம்புன்னு அர்த்தமா? சீக்கிரம் துணி மாத்திட்டு ரெடியாகு, எல்லாரும் சேர்ந்து போகலாம்னா சொன்னாங்க?

இல்லக்கா. நீங்க அந்தச் சத்தத்தைக் கேக்கல. அப்படிக் கத்தினாங்க. பல்லுல ஊக்கைக் கடிச்சுட்டுக் கத்தினாங்க. "வீட்டுப் பிள்ளையளோட அப்படித்தான் கத்துறது, வெளி ஆக்களோட ஆர் கத்துவினம்"னு சொல்றீங்க... அப்படியா?

அந்தப் புடவை பச்சை. கட்டில் மேல போட்டாங்கன்னு சொன்னேன்ல, அது பச்சைப் புடவை. ஆன்ட்டி ஏற்கெனவே பட்டு கட்டியிருந்தாங்க. ஆரணி பாவாடை தாவணி போட்டிருந்தா. அப்ப அந்தப் புடவை யாருக்குன்னு நான் யோசிக்கவே இல்லியே. மேல ஒரு ரவிக்கை இருந்துச்சு. ஆன்ட்டி என்னை மாதிரி ரெண்டு பேரு இருப்பாங்க. ரவிக்கையை ரெண்டு பக்கமும் பிடிச்சு, வெள்ளை நூலால பெருசு பெருசா தையல் போட்டிருந்துச்சு. என் அளவுக்கு. முந்தின நாள் ராத்திரி உக்காந்து தெச்சிருக்காங்க. நான் விருந்தாளி வராங்கன்னு படுத்துத் தூங்கிட்டேன்.

நான் அழல. சளி.

என்ன அக்கா பண்றது இப்ப? வூப்பர்டாலுக்கு இன்னும் எவ்வளவு நேரம்? பதினஞ்சு நிமிஷமா. போன் பண்ணட்டா? முதல்ல ஆரணிக்குப் பண்றேன். பிளாக் எடுக்கறது எங்க இருக்கு... இருங்க, ரிங் போகுது.

ஆரணி? ஹேமா அக்கா பேசறேன். ஆமா. ஆமாடா. இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். ஆரணி, அன்னைக்கு எங்க போக இருந்தீங்க? ... எந்தக் கல்யாணம்? ... எங்கிட்ட யாரும் சொல்லலியேடா. ... ஓ. ... சரி. சரி, அழாத. ... அப்பா? எவ்வளவு நேரம்? ... ஐயோ. ... இல்ல, அம்மாகிட்ட குடு. குடுடா, பரவாயில்ல.

அக்கா, அங்கிளோட அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணமாம், ஹாலந்துல. அப்பா இல்லாத பொண்ணு. அங்கிள்தான் தாரை வார்த்துக் குடுக்கணும். எங்கிட்ட சொல்லச் சொல்லி ஆரணிகிட்ட சொல்லியிருக்காங்க, அவ மறந்துட்டா. மறந்துட்டேன்னு அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல, பயம். என்னைக் காணோம்னதும் அங்கிள் ஸ்டேஷன்ல வந்து பிளாட்பாரம் பிளாட்பாரமா தேடியிருக்காரு. ரெண்டு மணி நேரம். வேன்ல இருந்தவங்க எல்லாம் போகலாம் போகலாம்னு கத்தியிருக்காங்க. ஆன்ட்டிதான், ஊர் விட்டு வந்த பொண்ணு, காணோம்னா விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஏற மாட்டேன்னுட்டாங்களாம். இவங்க போய்ச் சேர்றதுக்குள்ள தாலி கட்டியாச்சு. வேற யாரோ தாரை வார்த்துட்டாங்க. அங்கிள் அந்தக் கல்யாண வீடியோவை இன்னும் பாக்கல...

ஆன்ட்டி? ஆன்ட்டி, நான் ஹேமா. ஆன்ட்டி, எனக்கு அந்த வார்த்தை புரியல. வெளிக்கிடுன்னு சொன்னீங்கல்ல, எங்க ஊர்ல அந்த வார்த்தை கிடையாது. வெளிய போன்னு சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன். சத்தியமா ஆன்ட்டி. இப்ப ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். ... ஆன்ட்டி, இருக்கீங்களா? ... நான் வண்டியிலதான் இருக்கேன், இப்ப ஊர் வந்துடும். இறங்கி வரட்டுமா? ... ஆன்ட்டி?

வெச்சுட்டாங்க.

கோவமால்லாம் பேசல. கத்தவே இல்ல. கத்தியிருந்தா தேவலை. நான் சொன்னதெல்லாம் கேட்டாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "எட்டு வாரம் எங்க வீட்டுல இருந்தீங்க. நாங்க உங்களை வெளிய போன்னு சொல்லுவோம்னு நீங்க எப்படிங்க நினைச்சீங்க?"

அவ்வளவுதான் அக்கா. ஒரு வார்த்தை விடாம எனக்குப் புரியணும்னு, எங்க ஊர்த் தமிழ்ல கேட்டாங்க.

நான் என்ன பதில் சொல்றது? வார்த்தை தெரியலன்னு சொல்லலாம். அது அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பதில். அந்த எட்டு வாரத்துக்கு என்ன பதில்? நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை எதிர்பார்த்துட்டேதான் போனேன். எப்பச் சொல்லுவாங்க, எப்பச் சொல்லுவாங்கன்னு. அவங்க சோறு போடறாங்க, நான் அவங்க வாயையே பாத்துட்டு இருந்திருக்கேன்.

வண்டி மெதுவாகுது. பாருங்க, தொங்கு ரயிலு. அதேதான்.

இறங்குன்னு சொல்றீங்க. வான்னு அவங்க சொல்லலியே அக்கா. வராதன்னும் சொல்லல, அது சரிதான். கதவைத் திறக்கலன்னா? படியிலயே உக்காந்துடவா? உங்க ஊர்ல, நான் தப்பு பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்லுவீங்க? இல்ல, எங்க மாதிரி வேணாம், உங்க வீட்டுல அம்மாகிட்ட நீங்க எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி. பிழை... பிழை விட்டிட்டன். நான் பிழை விட்டிட்டன், அன்ரி. 'ஆன்ட்டி' இல்ல, 'அன்ரி'. சரி.

என் பையை எடுத்துக் குடுங்க, கதவு மூடிடப் போகுது. பிழை விட்டிட்டன். சரியாச் சொல்றேனா அக்கா?